வேப்பமரத்தில் என் வயிறு

"அந்தம்மா எந்த அம்மன மனசுல வச்சிச் செதுக்குனா? நீதான கூடவே இருந்த, சொல்லு."

என் மாமியார் இதைக் கேட்டபோது ஒரு ஸ்டூலின் மேல் நின்றிருந்தார். எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள கோடவுனில் நிற்கும் மரச்சிலைக்கு மஞ்சள் புடவை சுற்றிக்கொண்டிருந்தார். நான் இடுப்பில் குழந்தையும் கையில் ஊக்குகளுமாகக் கீழே நின்று, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலை அத்தை" என்றேன்.

ஆடி மாதத்தில் கேட்ட கேள்வி. இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சிலையில் இருப்பது நான். என் தோள், என் இடுப்பு, பிள்ளை பெற்றபின் தளர்ந்து கிடக்கும் என் வயிறு. அதை மூடுவதற்குத்தான் நானே ஊக்கு எடுத்துக் கொடுத்தேன்.

நாங்கள் ராயபுரத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு தெருவில் இருக்கிறோம். என் மாமனாரின் குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது. கயிறு, தார்ப்பாய் மொத்த வியாபாரம். யானைக்கவுனியில் பெரிய இடம் கிடைத்ததும் சரக்கெல்லாம் அங்கே போய்விட்டது. கீழே இருந்த கோடவுன் தேங்காய்நார் வாசனையோடு சும்மா கிடந்தது. அதை ஒரு கலை அமைப்பு வாடகைக்குக் கேட்டது. துருக்கியிலிருந்து ஒரு பெண் சிற்பி வருகிறார், மரத்தில் வேலை செய்பவர், சில மாதங்கள் இங்கே தங்கிச் செதுக்குவார் என்றார்கள். மாமா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு என்னைக் கூப்பிட்டு, "நீ இங்கிலீஷ் படிச்சவ. அந்தம்மாவுக்கு என்ன வேணும் ஏது வேணும்னு பாத்துக்கோ" என்றார்.

எனக்கு அப்போது பிரசவம் ஆகி இரண்டு மாதம் கூட ஆகவில்லை. கல்யாணத்துக்கு முன் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அதன்பின் யாரும் என்னிடம் என் படிப்பைப் பற்றிப் பேசியதில்லை. மாமா சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

அவர் தை மாதத்தில் வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான, அகன்ற தோள் கொண்ட பெண்மணி. நரைத்த முடியை ஒரு பென்சிலால் சுருட்டிக் குத்தியிருந்தார். வலது கட்டைவிரலில் எப்போதும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும். காயம் என்று நினைத்தேன். மூட்டு வலியாம், வருடா வருடம் கூடுகிறதாம். துணிப் பெட்டி ஒன்று, உளிப் பெட்டி இரண்டு. உளிகளை ஒரு கனத்த துணியில், பிள்ளைகளைப் படுக்க வைப்பதுபோல வரிசையாகச் சுற்றி வைத்திருந்தார்.

அத்தைக்கு அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள நிறைய இருந்தது. என்னை நடுவில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"ஆம்பளத் துணை இல்லாம தனியாவா வந்திருக்கா? கேளு."

கேட்டேன். "ஆமாம். நிம்மதியாக" என்றார் அவர்.

"பிள்ளைங்க?"

"ஒரு மகள். ஜெர்மனியில்."

"மக இருக்கையில எதுக்கு இந்த வயசுல கட்டையப் போட்டு வெட்டிக்கிட்டு இருக்கா? பேரப்பிள்ளயப் பாக்க வேண்டியதுதான?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்ன கேட்டார் உன் மாமியார் என்று அவர் என்னைப் பார்த்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்றேன். இப்படித்தான் ஆரம்பித்தது. யாருக்கும் மனம் நோகக் கூடாது என்று நான் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி மெழுகிச் சொல்லப் பழகினேன்.

மதியம் அத்தை தூங்கும் நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவேன். உளிச் சத்தத்தில் பிள்ளை தூங்கிவிடும். மேலே மெத்தையில் தூங்காத பிள்ளை, அந்த டொக் டொக் சத்தத்தில் எப்படித் தூங்குகிறது என்று எனக்குக் கவலை. காது கேட்கவில்லையோ என்று டாக்டரிடம் கூடக் காட்டினேன். அவர் சிரித்து அனுப்பினார். மரத்தூள் மூச்சில் போகுமோ என்றும் பயம். ஆனால் மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பும் நாட்களில் மேலே இருந்தாலும் மூச்சில் வேறொன்று போகத்தானே செய்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்குவேன்.

எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது உடைந்த ஆங்கிலம். அவர் வேலை செய்துகொண்டே பேசுவார். கருங்கடல் ஓரத்தில், மழை விடாத ஊரில் பிறந்தவர். மலைச்சரிவெல்லாம் தேயிலை. சிற்பம் படிக்கப் பெரிய நகரத்துக்குப் போனபோது, பெண்களெல்லாம் களிமண் வகுப்புக்குப் போங்கள் என்றாராம் வாத்தியார். கல்லுக்கு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். மரத்துக்கு யாரும் இல்லை. கட்டடத்தின் அடித்தளத்தில் மர அறை பூட்டிக் கிடந்தது. சாவியை இவர் வாங்கிக்கொண்டார். "காதல் எல்லாம் இல்லை. இடம் காலியாக இருந்தது" என்றார்.

கல்யாணம் ஆகி மகள் பிறந்ததும் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாற்காலியின் முதுகில் பூச்செதுக்கும் வேலை. ஒரே பூ, பல வருடம். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, உடம்பிலுள்ள தூசியைக் கழுவிவிட்டுத் தொடப் போனால் பிள்ளை தூங்கியிருக்கும்.

"என் மகள் எவ்வளவு கனம் இருந்தாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை" என்றார் ஒரு நாள், உளியைச் சாணை பிடித்துக்கொண்டே. "முகம் ஞாபகம் இருக்கிறது. புகைப்படம் இருக்கிறது. கனத்துக்கு ஏது புகைப்படம்?"

இங்கே அவர் செதுக்க வந்தது அதைத்தான். இடுப்பில் பிள்ளையைத் தாங்கி நிற்கும் ஒரு பெண், ஆள் உயரத்துக்கு. கட்டைவிரல் இருக்கும் நிலையில் இவ்வளவு பெரிய வேலையை இனி செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய நகரத்தில் ஒரு கண்காட்சி மண்டபத்தில் இதற்கென்று இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

பழைய படகு மரத்தில் செய்வதாகத்தான் முதலில் திட்டம். துறைமுகத்தில் உடைத்துப் போட்ட படகின் கட்டைகளை வாங்கினார். உள்ளே எங்கே ஆணி இருக்கிறதென்று தெரியவில்லை. நல்ல உளி இரண்டின் வாய் போயிற்று. அப்போதுதான் எங்கள் தெருமுனையில் கிடந்த வேப்பமரம் அவர் கண்ணில் பட்டது. மழைக்காலத்துக் காற்றில் சாய்ந்த மரம். மாநகராட்சி ஆட்கள் கிளைகளை அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். அடிமரம் மட்டும் குப்பைமேட்டோடு குப்பையாகக் கிடந்தது. அதைச் செயின் பிளாக் போட்டுத் தூக்கி, மீன்பாடி வண்டியில் ஏற்றி, நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அந்த மரத்தின் நிழலில்தான் மீன்கார அக்கா வருடக்கணக்காகக் கூடை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். மரம் போனபிறகு ஒரு கிழிந்த குடையின் கீழ் உட்கார்ந்திருந்தார். வண்டி தாண்டிப் போகும்போது எழுந்து நின்றார்.

"இன்னா தொரசானி, என் நெயலத் தூக்கினு எங்க போற?"

தெருவே சிரித்தது. சிற்பி என்னைப் பார்த்தார். உங்கள் நிழலை எடுத்துப் போகிறீர்கள் என்கிறார் என்று ஒழுங்காகவே மொழிபெயர்த்தேன். அவர் நெஞ்சில் கை வைத்து அக்காவுக்குத் தலை குனிந்தார்.

"வணக்கம்லாம் ஷோக்கா போடுது. வெயிலு யாரு மண்டைல அடிக்குது?" என்றார் அக்கா.

மறுநாள் மாமாவிடமிருந்து ஒரு தார்ப்பாயை வாங்கி, அக்கா உட்காரும் இடத்தில் நாலு கழி நட்டுக் கட்டிக் கொடுத்தார் சிற்பி. அதிலிருந்து அக்கா அவர் கட்சி.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற இடத்துக்கு வந்துவிட்டேன்.

வேப்பமரத்தில் முதுகுப் பக்கத்தைக் குடைந்து எடுத்தார். நடுத்தண்டு உள்ளே இருந்தால் மரம் காயும்போது வெடிக்குமாம். வேகமாகக் காயக் கூடாதென்று வேலை இல்லாத நேரத்தில் ஈரச் சாக்கைச் சுற்றி வைப்பார். மெதுவாக ஒரு பெண் நிற்கும் உருவம் வந்தது. ஆனால் இடுப்பு சரியாக வரவில்லை என்று அவருக்குக் கோபம். உளியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல நைட்டியும் மேலே துப்பட்டாவுமாக, குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"அப்படியே நில்" என்றார்.

அதன்பின் தினமும் மதியம் நான் நின்றேன். ஷட்டரைப் பாதிக்குக் கீழே இறக்கியிருப்போம். பிள்ளையின் கனத்தில் ஒரு தோள் இறங்குவதை, எதிர்ப்பக்கம் முதுகு வளைவதை அவர் தூரத்திலிருந்து பார்ப்பார். பிறகு அருகில் வந்து கையால் அளப்பார். அளவுகோல் வைத்துக்கொள்ளவில்லை. தோளில் கை வைப்பார், போய் மரத்தில் கை வைப்பார். மறுபடி வருவார்.

ஒரு நாள், துணிக்கு அடியில் வயிறு எப்படி இருக்கிறதென்று தெரியவில்லையே என்றார். அதைச் சொன்னது அவர்தான். ஆனால் காட்டு என்று அவர் கேட்கவில்லை. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், பழியை அவர்மேல் போட்டிருப்பேன். நானேதான் நைட்டியை உயர்த்தினேன். சிசேரியன் வெட்டுக்கு மேல் மடிந்து தொங்கும் வயிறு. கோடு கோடாக வரிகள். என் கணவரிடமிருந்து கூட விளக்கை அணைத்து மறைத்த வயிறு.

அவர் முகம் சுளிக்கவில்லை. அழகு என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். நல்ல மரத்தைப் பார்ப்பதுபோல, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தார். கையைக் கழுவிவிட்டு வந்து அந்த மடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடான, காய்த்துப்போன கை. பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் பால் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தார்கள். அன்று ஒருவர் என்னைப் பார்த்தார். எனக்கு அது பிடித்திருந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். வெட்கம் அதில்தான் இருக்கிறது. யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் இதை எப்போதோ சொல்லியிருப்பேன்.

வீட்டில், சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

முகத்தை அவர் முடிக்கவே இல்லை. கண், மூக்கு இருக்கும் இடத்தில் லேசான மேடு பள்ளம் மட்டும். யாரும் என்னை அடையாளம் காணாததற்கு அதுதான் காரணம். வயிறு மட்டும் மடிப்பும் வெட்டுக்கோடுமாக அப்படியே இருந்தது.

ஆனியில் வேலை முடிந்தது. எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் தொப்புளுக்குக் கீழே ஒரு வெடிப்பு விட்டது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தார். வெளுப்பாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்தால் மரத்தின் நிறம் வருமே என்றேன். நான்தான். மேலே போய் எங்கள் அடுப்படியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். காய்ந்ததும் பளீரென்று மஞ்சளாக நின்றது. பிறகு உப்புத்தாள் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம் என்றார். மரத்துக்குப் பூச அவர் கொண்டுவந்த எண்ணெய் தீர்ந்துவிட்டது. நிலைக்கதவுக்கு நாங்கள் வேப்பெண்ணெய்தான் தடவுவோம், பூச்சி அரிக்காது என்றேன். அதையும் வாங்கிக் கொடுத்தேன். தலையிலிருந்து கால்வரை தடவினார். மரம் கருத்து மினுங்கியது. எண்ணெய் காயட்டும் என்று வாசலை ஒட்டித் தெருவைப் பார்க்க நிறுத்தி, ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டார்.

அன்று ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. அவருக்கு ஆடி என்றால் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை.

மீன்கார அக்காவின் பேத்திக்கு அம்மை போட்டிருந்தது. அன்று தலைக்கு முதல் தண்ணீர் ஊற்றவேண்டும். வேப்பிலை தேடி அக்கா காலையிலிருந்து அலைந்திருக்கிறார். தெருவில் இருந்த ஒரே மரமும் போயிற்றே என்று திட்டிக்கொண்டே எங்கள் வாசலைத் தாண்டியவர் அப்படியே நின்றார். கருத்த உடம்பு. வேப்பெண்ணெய் வாசனை. வயிற்றில் மஞ்சள். இடுப்பில் பிள்ளை. அதுவும் அவருடைய அதே வேப்பமரம்.

செருப்பைக் கழற்றினார். "ஆத்தா" என்றார். "இங்கியா வந்து நின்னுகினு கீற? நான் ஊரெல்லாம் தேடினு கீறேன்."

குழந்தையோடு நான் அங்கே நின்றிருந்தேன். அம்மை போட்ட வீட்டிலிருந்து வந்திருக்கிறாரே, பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமே என்றுதான் முதலில் பயந்தேன். பின்வாங்கி உள்ளே போய்விட்டேன். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திரும்பி வரும்போது நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். யாரோ காலடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

சிற்பி சிரித்துக்கொண்டு வெளியே வந்தார். "என்ன நடக்கிறது?"

சாமி என்று நினைக்கிறார்கள் என்றேன்.

"இல்லை என்று சொல். எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று சொல். அவளுக்கு ஒரு பிள்ளை இருக்கிறது, கால் வலிக்கிறது என்று அடிக்கடி சொல்வாள் என்று சொல்." கண்ணால் என்னைக் காட்டிக் குறும்பாகச் சிரித்தார். "நீ விரும்பினால், யார் என்றும் சொல்."

அக்கா கேட்டார்: "இன்னாம்மா சொல்றாங்கோ? இன்னா சாமியாம் இது?"

அத்தை படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். பின்னால் மாமா. எதிர்வீட்டு ஆண்கள் இரண்டு பேர். என் வயிறு அங்கே வெட்டவெளியில், தொப்புளுக்குக் கீழே மஞ்சளோடு நின்றது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அவங்களுக்கே சொல்லத் தெரியலையாம்" என்றேன்.

"பாத்தியா!" அக்கா கையைத் தட்டினார். "செஞ்சவங்களுக்கே தெர்ல! தானா வந்துகீது! நம்ம மரத்துல, ஒரு பாய் வூட்டு அம்மா கையால வந்துகீது பாரேன். யாரு கையில வந்தா இன்னா, ஆத்தாவுக்கு அதெல்லாம் ஏது?"

அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொள்ளாமல் நின்றால் ஏன் என்று கேட்பார்களே என்று. என் பிள்ளை எட்டி அந்த மரமார்பைத் தட்டியது. "பால் கேக்குது பாரு, கொயந்தைக்குத் தெரியுது" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் உருகிப்போனார்கள்.

என்ன சொன்னாய் என்று சிற்பி கேட்டார். கொஞ்ச நாள் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தருவார்கள் என்றேன்.

அக்காவின் பேத்திக்கு அம்மை இறங்கியது. அது எப்படியும் இறங்கியிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கோடவுன் வாசலில் கூழ் ஊற்றினார்கள். முதலில் "கட்டையில என்னத்த இருக்கு" என்றிருந்த அத்தை, என் பிள்ளையின் எடை ஏறவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். எடை கொஞ்சம் ஏறியது. நான் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்க ஆரம்பித்ததால்தான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அத்தை புடவை எடுத்தார்.

புடவை சுற்றியதைப் பார்த்த அன்று சிற்பியின் முகம் மாறியது. அதுவரை அவர் எல்லாவற்றையும் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். உளிப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, எனக்கு அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவர் ஊர்ப் பூங்கா ஒன்றுக்கு வால்நட் மரத்தில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தியைச் செய்து கொடுத்தாராம். அசிங்கம் என்று சிலர் புகார் கொடுத்தார்கள். முதலில் ஒரு தார்ப்பாயைச் சுற்றினார்கள். பிறகு எடுத்துப்போய் ஒரு கொட்டகைக்குப் பின்னால் போட்டார்கள். இவர் தேடிக் கண்டுபிடித்தபோது மழையில் கிடந்து கழுத்து பிளந்திருந்தது.

"அந்தக் குளிர்காலம் முழுதும் அதைத்தான் அடுப்பில் போட்டேன். வால்நட் நன்றாக எரியும்" என்றார். பிறகு சிலையைப் பார்த்தார். "அங்கே அசிங்கம் என்று துணி. இங்கே சாமி என்று துணி. இவளுடைய வயிற்றைப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை. நீயாவது சொல்."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன்.

விசா முடிந்து அவர் ஆவணியில் கிளம்பினார். இங்கே அவர் செய்த சின்னச் சிற்பங்களெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்விட்டன. பெரியதற்காகச் செய்த பெட்டி மட்டும் சிலைக்குப் பக்கத்திலேயே காலியாக நிற்கிறது. அதன்மேல் இப்போது சூடத்தட்டு வைக்கிறார்கள். மண்டபத்தில் அந்த இடத்தை இன்னும் காலியாக வைத்திருப்பதாக அவர் செய்தி அனுப்புகிறார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. பிள்ளை நடக்கிறதா என்று கேட்கிறார். கடைசியில் ஒரு வரி: சொல்லிவிட்டாயா? நான் பிள்ளையின் போட்டோவை அனுப்புகிறேன்.

கலை அமைப்பிலிருந்து வந்து கேட்டார்கள். தெருக்காரர்கள் தர முடியாது என்றுவிட்டார்கள். தெருமுனையில், பழைய மரம் இருந்த இடத்தில், சின்னதாகக் கொட்டகை போட்டு வைக்கப் போகிறார்களாம். மீன்கார அக்காதான் முன்னால் நிற்கிறார். புரட்டாசி முடியட்டும், உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள். மாமா இரண்டு தரப்பிடமும் சொல்லிவிட்டார்: "என் மருமக கூடவே இருந்தா. படிச்சவ, பொய் சொல்ல மாட்டா. அந்தம்மா சாமியா நெனச்சுச் செஞ்சாளா, இல்லையான்னு அவ சொல்லட்டும். அதுதான் முடிவு."

என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சாமி இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாமே என்று நான் யோசிக்காமல் இல்லை. அப்படியானால் யாரு என்று அக்கா கேட்பார். விடமாட்டார். எங்கள் தெருவில் கைப்பிள்ளைக்காரி என்று அந்தக் கோடவுனுக்குள் போய் வந்தவள் நான் ஒருத்திதான்.

கணவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். திருவொற்றியூரில் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில், வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து. முகம் பார்க்காமல் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. "அந்தச் சிலை இருக்குல்ல" என்று ஆரம்பித்தேன்.

"என்ன?" என்று கத்தினார்.

"சிலை!"

"அத விடு, அவங்க பாத்துப்பாங்க. பிள்ளை மூஞ்சிய மூடு, தூசி."

மூடினேன். அவர் நல்லவர். கேட்டால் அடிக்கவோ திட்டவோ மாட்டார். அன்று ராத்திரி எனக்கு முன்னால் அவரே விளக்கை அணைப்பார். அதற்குத்தான் எனக்குப் பயம்.

போன வாரம் அத்தை புடவை மாற்றினார். பழையதை உருவியபோது அந்த வெட்டுக்கோட்டின்மேல் அவர் கை கொஞ்சம் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் என் தையலில் மருந்து தடவியவர் அவர்தான். என் பக்கம் திரும்பவில்லை. "சாமிக்கும் ஆப்பரேசன் பண்ணியிருக்கா பாரு அவ" என்று சொல்லிவிட்டுப் புதுப்புடவையைச் சுற்ற ஆரம்பித்தார். சும்மா சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்திருந்தால் ஏன் இன்னும் விளக்கேற்றுகிறார் என்பதும் பிடிபடவில்லை.

சிற்பியின் விரல் இனி இப்படி ஒன்றைச் செய்யாது. இரண்டாவது முறையும் அவருடைய வேலையைத் துணிபோட்டுப் பறித்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. இந்தப் பக்கம், பேத்தியைக் காப்பாற்றிக் கொடுத்ததாக நம்பிக் கும்பிடும் ஒரு பெண்ணிடம், நீ கும்பிட்டது என் வயிற்றை என்று சொல்லவேண்டும். எதைச் செய்தாலும் ஒருவர் முகத்தில் நான் விழிக்க முடியாது.

இதைப் படிக்கும் உங்களில் மருமகளாக இருந்தவர்கள், மாமியாராக இருப்பவர்கள், உடம்பைப் பற்றி வீட்டில் வாய்திறந்து ஒரு பேச்சுப் பேசத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்குத் தைரியம் சொல்லி நீங்கள் எழுத வேண்டாம். யாரிடம் முதலில் சொல்வது, அத்தையிடமா, என் கணவரிடமா, மீன்கார அக்காவிடமா? தெருவே கூடி நிற்கும்போது மாமா என்னைக் கூப்பிட்டுக் கேட்கும்வரை விடாமல், அதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று மட்டும், உங்கள் வீட்டில் நீங்கள் பேசும் வார்த்தைகளிலேயே, எனக்கு எழுதுங்கள்.